சிட்-அப்பை நிறுத்துங்கள்: கீழ்முதுகுக்கு வீட்டில் செய்ய வேண்டியது வேறு

உங்களுக்கு 36 வயது. மூன்று வருடமாக வீட்டிலிருந்தே கணினி வேலை, நாளுக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தபடி. நான்கு மாதம் முன்பு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பில் பிரச்சினை இல்லை, வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் வீடியோக்களைப் பார்த்து தினமும் காலையில் எழுந்ததும் 50 சிட்-அப் எடுத்தீர்கள். மூன்று வாரத்தில் வலி கூடிவிட்டது. ஜிம்முக்குப் போக நேரமில்லை, வீட்டில் ஒரு பாய்தான் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம், இனி கேன் தூக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் அதற்கு முதலில் சிட்-அப்பை இன்றோடு விட வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். 17 வருடமாக இடுப்பு வலிக்காரர்களைப் பார்க்கிறேன். "எக்சர்சைஸ் பண்ணித்தான் சார் ஜாஸ்தி ஆச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே சிட்-அப் எடுத்தவர்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. வயிற்றுத் தசைக்கு என்றால் சிட்-அப்தான் என்று பள்ளிக்கூட பி.டி. பீரியடிலிருந்தே நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

பயிற்சிக்குள் போகும் முன் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மூத்திரம், மலம் போவதில் திடீரென்று மாற்றம் வந்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, ஒரு பாதம் தொங்கிப்போய் செருப்பு நழுவ ஆரம்பித்தாலோ பாயை விரிக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பிறகு வரும் வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் விடாத வலி ஆகியவற்றையும் டாக்டர் பார்த்த பிறகுதான் பயிற்சி. உங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்பதால் மேலே போகலாம்.

'கோர்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது சிக்ஸ்பேக் கிடையாது. சிக்ஸ்பேக் தசை முன்பக்கம் ஓடும் ஒரு பட்டை மட்டும்தான். அதற்கு அடியில் வயிற்றைச் சுற்றி இடுப்புக் கச்சை மாதிரி ஒரு தசை இருக்கிறது. பக்கவாட்டில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு. பின்னால் முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு பிடித்து வைக்கும் சின்னச் சின்னத் தசைகள், அவற்றின் மேல் நீளமாக ஓடும் இரண்டு கயிறுகள். மேலே கூரையாக உதரவிதானம், கீழே தரையாக இடுப்புத்தளத் தசைகள். பிட்டத் தசைகளையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அவை வேலை செய்யாவிட்டால் அந்த வேலையும் கீழ்முதுகின் தலையில்தான் விழும்.

தூர்தர்ஷன் காலத்து மொட்டை மாடி ஆன்டெனா உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒல்லியான இரும்புக் குழாய், இருபது அடி உயரம், காற்றடித்தாலும் நிற்கும். குழாயின் பலத்தில் அது நிற்கவில்லை. மூன்று நான்கு பக்கமும் கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள், எல்லாக் கம்பியும் ஒரே அளவு விறைப்பாக இருக்கும். ஒரு கம்பி தளர்ந்தால் போதும், அடுத்த மழைக்கு ஆன்டெனா சாய்ந்துவிடும். இடுப்புப் பகுதியில் இருக்கும் ஐந்து எலும்புகளும் அந்தக் குழாய் மாதிரிதான். சுற்றியிருக்கும் தசைகள் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விறைத்துக்கொடுத்தால்தான் அவற்றால் பாரம் தாங்க முடியும். நீங்கள் மூன்று வாரம் செய்தது என்னவென்றால், முன்பக்கக் கம்பியை மட்டும் பிடித்து இழுத்து இழுத்துக் குழாயை வளைத்தது.

இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில். 30 வருடத்துக்கு மேல் முதுகெலும்பு ஒன்றையே ஆராய்ந்தவர். ஒரு சிட்-அப்பில் கீழ்முதுகு ஏறக்குறைய 3,300 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்குகிறது என்று அவருடைய அளவீடு காட்டியது. சுமார் 330 கிலோ எடைக்குச் சமம். ஐம்பதால் பெருக்கிப் பாருங்கள். பன்றியின் முதுகெலும்புகளை மிதமான பாரத்தோடு ஆயிரக்கணக்கான முறை முன்னால் மடக்கியபோது, எலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கின் உள்ளிருக்கும் கூழ் மெல்ல மெல்லப் பின்பக்கம் பிதுங்கி வந்ததையும் அவருடைய ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நாம் 'ஜவ்வு விலகல்' என்கிறோமே, அதன் தொடக்கம் அதுதான். உயிருள்ள உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், ஆகவே சிட்-அப் எடுத்தவர் எல்லோருக்கும் டிஸ்க் பிதுங்கிவிடாது. ஏற்கெனவே வலி இருக்கும் முதுகுக்கு மட்டும் அது வேண்டாத வேலை. அமெரிக்கக் கடற்படையே 2021-ல் தன் உடல்தகுதித் தேர்விலிருந்து அந்த வகைப் பயிற்சியை எடுத்துவிட்டு, முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிக்கும் பிளாங்க்கை வைத்தது.

நீங்கள் செய்த நேரமும் உங்களுக்கு எதிராகவே அமைந்துவிட்டது. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பிவிடும். காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். அந்தக் கூடுதல் உயரத்தில் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். உப்பியிருக்கும் டிஸ்க்கோடு குனிந்தால் இழுவிசை மற்ற நேரத்தைவிட அதிகம். காலையில் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட இடுப்பு வலி குறைவதை 1998-ல் ஸ்னூக் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சிட்-அப் வேண்டாம், குனிந்து காலைத் தொடுவது வேண்டாம், வாளி தூக்குவதும் வேண்டாம். பேஸ்ட்டைத் துப்ப வாஷ்பேசினில் குனியும்போதுகூட ஒரு கையை விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். பயிற்சியைச் சாயங்காலம் வைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. வேலை முடிந்து லேப்டாப்பை மூடியதும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டுப் பாயை விரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன வித்தை கற்றுக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி வையுங்கள். இடுப்பெலும்பின் முன்முனை இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு தெரியும். அதிலிருந்து இரண்டு விரல் உள்பக்கம் தள்ளி விரல்நுனிகளை அழுத்தி வைத்து, ஒரு முறை இருமுங்கள். விரலுக்கடியில் ஏதோ விறைத்து விரலைத் தள்ளும். அந்த விறைப்பை இருமாமல் வரவழைக்க வேண்டும், அதுவும் கால்வாசி பலத்தில். யாரோ விளையாட்டாக வயிற்றில் குத்த வருகிறார் என்றால் தானாக ஒரு இறுக்கம் வருமே, அதேதான். வயிற்றை எக்காதீர்கள். எக்கினால் ஒரு கம்பிதான் இழுபடும், நமக்கு எல்லாக் கம்பியும் வேண்டும். வந்துவிட்டதா? சரி, இப்போது அந்த இறுக்கத்தை விடாமல் சாதாரணமாக மூச்சு விடுங்கள். பத்து மூச்சு. மூச்சு அடைத்தால் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், ஆகட்டும். இது வராமல் கீழே சொல்லும் எதையும் செய்து பயனில்லை.

மெக்கில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பயிற்சிகள் மூன்று. முதுகுக்குக் குறைந்த பாரம், தசைக்குப் போதுமான வேலை என்று பார்த்துப் பொறுக்கியவை. 'பேர்ட் டாக்', 'சைடு பிளாங்க்', அவர் மாற்றியமைத்த 'கர்ல்-அப்'. என்னிடம் வருபவர்களுக்கு இவற்றோடு பிரிட்ஜ் ஒன்றையும், கம்பு வைத்துக் குனியும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பேன். உங்களுக்கும் அந்த ஐந்து போதும்.

பேர்ட் டாக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்க்க எளிதாக இருப்பதால் இதைத்தான் எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள். தவழும் குழந்தை மாதிரி கை, முழங்கால் ஊன்றி நில்லுங்கள். தோளுக்கு நேர்கீழே உள்ளங்கை, இடுப்புக்கு நேர்கீழே முழங்கால். முதுகைக் கூனாக்காமல், குழிய விடாமல், இரண்டுக்கும் நடுவில் வசதியான இடத்தில் நிறுத்துங்கள். இனி வீட்டில் யாரையாவது கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, இடுப்புக்குச் சற்று மேலே முதுகின் மேல் வைக்கச் சொல்லுங்கள். வயிற்றில் அந்தக் கால்வாசி இறுக்கத்தைக் கொண்டுவந்து, வலது காலைப் பின்னால் மெல்ல நீட்டுங்கள். மேலே தூக்குவதாக நினைக்காதீர்கள். பின்சுவரைக் குதிகாலால் தள்ளுவதாக நினையுங்கள். கால் முதுகு மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் நின்றால், அடுத்து இடது கையை முன்னால் நீட்டி முஷ்டியை மடக்குங்கள். எட்டு அல்லது பத்து வினாடி. பிறகு கையையும் முழங்காலையும் கீழே கொண்டுவந்து தரையை லேசாகத் தடவிவிட்டு மறுபடி நீட்டுங்கள்.

முதல் நாள் டம்ளர் கவிழும். எல்லோருக்கும் கவிழ்கிறது. எந்தப் பக்கம் கவிழ்கிறது என்று கவனியுங்கள். நீட்டிய காலின் பக்கம் இடுப்பு மேலே திறந்துகொண்டு, எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் கொட்டினால் பிட்டமும் பக்கவாட்டுத் தசைகளும் பிடிக்கவில்லை. தலைப்பக்கம் கொட்டினால் காலை அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள், கீழ்முதுகு வளைந்துவிட்டது. ஒரு வாரத்துக்குக் காலை மட்டும் நீட்டி, கையை ஊன்றியே வைத்துப் பழகினால் டம்ளர் நிற்க ஆரம்பிக்கும். உங்களுக்கு இடுப்பு பிடித்தது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தாமதமாகத்தான் வரும். அதற்காக அந்தப் பக்கத்துக்கு மட்டும் அதிகமாகச் செய்ய வேண்டாம், இரண்டுக்கும் ஒரே அளவு.

சைடு பிளாங்க்கை முழங்காலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களைப் பின்னால் மடக்கி, முழங்கையைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி முன்னால் தள்ளுங்கள். தலை, இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். மேல் கையை எதிர்த் தோளில் வைத்து அழுத்திக்கொண்டால் தோள் நடுங்காது. பத்து வினாடி நின்றுவிட்டு இறக்கிவிட்டு மறுபடி. ஒரே பக்கம் தூக்கும் பாரத்தைத் தாங்கும் தசை இதில்தான் பலப்படுகிறது. கேன் தூக்கும்போது உங்களைக் கைவிட்டதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். தோள் வலி உள்ளவர்கள் இதையே சுவரில் முழங்கையைச் சாய்த்து நின்றபடி செய்யலாம்.

மெக்கிலின் கர்ல்-அப் நீங்கள் செய்த சிட்-அப்புக்கு நேர் எதிர். மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி வையுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்முதுகின் குழிவுக்கடியில் செருகிக்கொள்ளுங்கள். அந்தக் குழிவு தரையில் நசுங்கக் கூடாது, கை அதற்குக் காவல். இப்போது தலையையும் தோள்பட்டையையும் ஒரே துண்டாக, பாயிலிருந்து எழும்பியும் எழும்பாமலும் இருக்கும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். தலைக்கடியில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் முள் சைபருக்கு வந்தால் போதும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் எதுவும் செய்யாத மாதிரிதான் தெரியும். வயிறு மட்டும் கல் மாதிரி இருக்கும். கழுத்தை மடக்கி நாடியை நெஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிரிட்ஜ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யோகாவில் சேதுபந்தாசனம். குதிகாலில் அழுத்தி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குங்கள். தொடையின் பின்பக்கம் நரம்பு இழுப்பது போல் பிடித்தால் பிட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது, தொடை அதன் வேலையைச் செய்கிறது. பாதத்தைப் பிட்டத்துக்கு இன்னும் அருகே கொண்டுவாருங்கள். ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்கு இந்தத் தசையை எழுப்புவதற்கே இரண்டு வாரம் போய்விடும்.

எத்தனை முறை? அதிக நேரம் ஒரே பிடியாகப் பிடிப்பதில் பெருமை எதுவும் இல்லை. ஒவ்வொரு பிடியும் அதிகபட்சம் பத்து வினாடி. முதலில் ஆறு முறை, அரை நிமிட ஓய்வு, பிறகு நான்கு முறை, ஓய்வு, பிறகு இரண்டு முறை. இறங்குவரிசையில் போனால் களைக்கக் களைக்க எண்ணிக்கை குறையும், கடைசி முறைகூடச் சுத்தமாக வரும். களைத்த தசையோடு கோணலாகச் செய்யும் ஒரு முறை, சரியாகச் செய்த பத்தைக் கெடுத்துவிடும். மூன்று பயிற்சியும் பிரிட்ஜும் சேர்த்து இருபது நிமிடத்துக்குள் முடியும். இதை வாரத்துக்கு ஆறு நாள் செய்யலாம். தசையைப் பெரிதாக்குவது நமக்கு நோக்கமில்லை, நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் நோக்கம். டென்மார்க்கில் பியரிங்-சோரன்சன் என்பவர் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மேஜை விளிம்பில் இடுப்பு வரை குப்புறப் படுக்கவைத்து, மேலுடம்பை அந்தரத்தில் எவ்வளவு நேரம் நேராகப் பிடிக்க முடிகிறது என்று பார்த்தார். ஆண்களில் அதிக நேரம் பிடித்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் முதன்முறையாக இடுப்பு வலி வருவது குறைவாக இருந்தது. முதுகுக்கு முரட்டு பலத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் திறன் முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

ஐந்தாவதைத்தான் பலரும் பயிற்சியாகவே நினைப்பதில்லை. எனக்கு இது மற்ற நான்கையும்விடப் பெரிது. ஒரு கதை சொன்னால் விளங்கும்.

இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா, 52 வயது. இரண்டு மாதமாக என்னிடம் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் ஒரு நாள் விடாமல் செய்கிறார். டம்ளர்கூட அசையாது. ஆனாலும் தினமும் காலை எட்டு மணிக்கெல்லாம் வலி வந்துவிடுகிறது. எனக்குப் புரியவில்லை. "அக்கா, காலையில எழுந்ததும் என்னென்ன செய்வீங்க, இங்கேயே செஞ்சு காட்டுங்க" என்றேன். அவர் கிளினிக் தரையில் ஒரு குப்பைக்கூடையை வைத்து, அதுதான் மாவு அண்டா என்று சொல்லிவிட்டுக் காட்டினார். கால் இரண்டும் விறைப்பாக நிற்க, இடுப்பிலிருந்து முதுகு வளைந்து குனிந்தது. பாதம் சுவரைப் பார்த்தபடி இருக்க, உடம்பு மட்டும் திரும்பி அண்டாவைப் பக்கத்து மேடையில் வைத்தது. விடியற்காலை நாலரை மணி, டிஸ்க் உப்பியிருக்கும் நேரம், குனிவும் முறுக்கும் ஒன்றாக, நிறைந்த அண்டாவோடு. சாயங்காலம் இருபது நிமிடத்தில் சேர்த்ததை காலையில் இரண்டே நிமிடத்தில் செலவழித்துக்கொண்டிருந்தார். அண்டாவை இரவே முக்காலி மேல் வைக்கச் சொன்னேன், குனிவதற்குக் கம்புப் பயிற்சி கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் செய்துவந்த பயிற்சிக்குப் பலன் தெரிய ஆரம்பித்தது.

கம்புப் பயிற்சி இப்படித்தான். மாப் கம்பு போதும். முதுகோடு ஒட்டி நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை கீழ்முதுகுக் குழிவில். கம்பு மூன்று இடத்தில் பட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு. இப்போது முழங்காலை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். கை நிறையச் சாமானோடு வீட்டுக்குள் வரும்போது பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவு. மேலுடம்பு தானாக முன்னால் சாயும். மூன்று இடமும் கம்பிலிருந்து விலகாத வரைக்கும் போங்கள், எங்கே விலகுகிறதோ அங்கே நிறுத்தி எழுந்திருங்கள். தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள். கீழ்முதுகு இழுத்தால் முதுகிலிருந்து வளைகிறீர்கள். நாளுக்கு பத்து முறை. இரண்டு வாரத்தில் கம்பு இல்லாமலே உடம்பு அந்த வழியில் குனியும். அப்புறம் துணி எடுக்க, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் காய் எடுக்க, குழந்தையைத் தூக்க என்று நாள் முழுக்கப் பயிற்சி தானாக நடக்கும்.

வலி எவ்வளவு வரலாம் என்று கேட்பீர்கள். பத்துக்கு மூன்று அளவுக்குள் ஒரு முனகல் மாதிரி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இடுப்பில் இருந்த வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்க ஆரம்பித்தால் மட்டும் நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். நேர்மாறாக, காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால் அது நல்ல அறிகுறி, இடுப்பில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம்.

வலி வந்தால் படுத்தே கிடப்பது நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. ஃபின்லாந்தில் 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கவைத்தார்கள், ஒரு பிரிவினருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு பிரிவினரை வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர். கவனியுங்கள், பிடித்துக்கொண்ட அந்த முதல் சில நாட்களில் பயிற்சிகூட வழக்கமான நடமாட்டத்துக்கு ஈடாகவில்லை. நான் சொன்னவை எல்லாம் அந்தக் கடுமை தணிந்த பிறகுதான்.

நடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாக நடையைக் கூட்டும் திட்டத்தோடு ஆலோசனையும் கொடுக்கப்பட்டவர்களுக்கு வலி திரும்பி வர ஆன இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்பிவிட ஆன காலம், 208 நாள். எதுவும் கொடுக்கப்படாதவர்களுக்கு 112 நாள். செலவே இல்லாத மருந்து. கையை வீசி, கொஞ்சம் வேகமாக, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வரை கொண்டுபோங்கள். கடைகளில் உலாவும் நடை இதில் சேராது. வேலை நேரத்தில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, கைகளை மேலே தூக்கி ஆழமாக ஒரு மூச்சு. நாற்காலிக்குப் பத்தாயிரம் இருபதாயிரம் செலவழிப்பதைவிட இது உதவும் என்பது என் அனுபவம்.

யோகா செய்யும் பழக்கம் இருந்தால் புஜங்காசனம், சலபாசனம் இரண்டும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். பச்சிமோத்தானாசனம், ஹலாசனம் போல் முன்னால் மடங்குபவற்றை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். இடுப்பு பெல்ட்டை, நீண்ட பயணம் மாதிரி தவிர்க்க முடியாத நாளில் ஓரிரு மணி நேரம் கட்டிக்கொள்ளலாம். தினமும் கட்டாதீர்கள், உங்கள் தசையே அந்த பெல்ட்டாக மாறட்டும் என்றுதான் இவ்வளவு பாடுபடுகிறோம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம். அவர்கள் எல்லோரும் எந்த வலியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்று பார்த்த நாளிலிருந்து குனியவே பயந்து, அந்தப் பயத்தாலேயே உடம்பு இறுகிப்போனவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதை நம்புங்கள்.

நான்கு வாரம் சுத்தமாகச் செய்த பிறகு சைடு பிளாங்க்கை முழங்காலிலிருந்து பாதத்துக்கு மாற்றுங்கள், கர்ல்-அப்பில் முழங்கைகளைத் தரையிலிருந்து தூக்குங்கள், பேர்ட் டாக்கில் நீட்டிய கையால் காற்றில் சின்னச் சதுரம் வரையுங்கள். ஆறாவது வாரத்திலிருந்து வாளி நடை. குளியலறை வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர் பிடித்து, ஒரு கையில் மட்டும் தூக்கிக்கொண்டு வராந்தாவில் இருபது தப்படி நடங்கள். உடம்பு வாளிப்பக்கமும் சாயக் கூடாது, எதிர்ப்பக்கமும் சாயக் கூடாது, தண்ணீர் தளும்பக் கூடாது. கையை மாற்றித் திரும்பி வாருங்கள். மூன்று சுற்று. வாரத்துக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டராகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஜிம்மில் டம்பெல்லை வைத்துச் செய்யும் அதே வேலைதான். பழைய நாளில் இடுப்பில் குடம் சுமந்து தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது தனியாகத் தேவைப்பட்டதில்லை.

இனி உங்கள் கேன். நிறைந்த கேன் 20 கிலோவுக்கு மேல் வரும். வாளி நடையில் ஒரு கையில் 10 லிட்டரைத் தளும்பாமல் கொண்டுபோக முடிந்த பிறகு, அநேகமாக மூன்றாவது மாதத்தில், பாதி கேனில் ஆரம்பியுங்கள். சாயங்கால நேரமாக இருக்கட்டும். கேன் இரண்டு பாதங்களுக்கும் நடுவில், உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். எட்டிப் பிடித்தால் அதே எடை முதுகுக்குப் பல மடங்காகத் தெரியும். கம்பு முதுகில் இருப்பதாக நினைத்துப் பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலையும் மடக்கி, ஒரு கை கேனின் கழுத்தில், ஒரு கை அதன் அடியில். வயிற்றில் இறுக்கம், பிறகு எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரேயடியாக டிஸ்பென்சர் உயரத்துக்குத் தூக்க வேண்டாம். முதலில் நாற்காலியில் வைத்து, ஒரு மூச்சு விட்டு, அங்கிருந்து தூக்குங்கள். இல்லாவிட்டால் கேன் வாயில் மாட்டும் சார்ஜ் பம்ப் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிவிட்டால் கவிழ்க்கும் வேலையே இல்லை. அதுவரை இந்த மூன்று மாதத்துக்கு, கேன் போடும் தம்பியிடம் வாசலில் தரையில் வைக்காமல் உள்ளே ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.